புதிய மடிக்கணினி வருமா? விழுக்காட்டில் சொல்லுங்கள்

மாணவர்களே, மே மாதம் பிறந்துவிட்டால் இணையத்தில் ஒரு பேச்சு சூடு பிடித்துவிடும். ஜூன் மாதம் கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் நடத்தும் மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டில் புதிய மேக்புக் மடிக்கணினி வருமா, வராதா என்பதுதான் அந்தப் பேச்சு. "உறுதியாக வருகிறது" என்பார் ஒரு யூடியூபர். "உள்ளே இருப்பவர் சொன்னார்" என்பார் இன்னொருவர். மாநாடு முடிந்த மறுநாள் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அடுத்த மே மாதம் அதே ஆட்கள், அதே குரலில் திரும்பவும் வருவார்கள்.

அந்தக் கணக்கை நாம் கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. "வரும்", "வராது" என்று மொட்டையாகச் சொல்பவரின் கணிப்பைக் கணிப்பாகவே ஏற்காதீர்கள். எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லட்டும். படிவம் 2 கணிதப் பாடத்தில் 'கெபாராங்காலியான்' என்று நிகழ்தகவைப் படித்திருப்பீர்கள். பகடையையும் பையில் உள்ள வண்ணக் கோலிகளையும் வைத்துச் செய்த அதே கணக்குதான் இது.

இதில் என்ன இருக்கிறது, பொழுதுபோக்குப் பேச்சுதானே என்று கேட்கலாம். எல்லார் வீட்டிலும் அப்படி இல்லை. 2020-இல் கோவிட் வந்தபோது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், சுமார் 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காட்டினர்தாம். எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ போகும் பிள்ளைக்காகப் பெற்றோர் மாதா மாதம் சேர்த்த பணத்தோடு கடைக்குப் போகும் நேரத்தில், "கொஞ்சம் பொறுங்கள், ஜூனில் புதுசு வருதாம்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பிள்ளை மேலும் சில மாதங்கள் கைப்பேசித் திரையில் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

சரி, கணிப்பை எங்கிருந்து தொடங்குவது? வதந்தியிலிருந்து தொடங்கக் கூடாது. பழைய பதிவிலிருந்து தொடங்க வேண்டும். 2009 முதல் 2025 வரை இந்த மாநாடு 17 முறை நடந்திருக்கிறது. அவற்றில் புதிய மடிக்கணினி மேடையேறிய ஆண்டுகள் 2009, 2012, 2013, 2017, 2022, 2023. மொத்தம் ஆறு. 2019-இல் வந்த மேக் புரோ மேசைக் கணினி என்பதால் அதைச் சேர்க்கவில்லை. 17-இல் 6 என்றால் சுமார் 35 விழுக்காடு. இதற்கு அடிப்படை விகிதம் என்று பெயர். எந்தச் செய்தியும் கேட்காமல், எந்த ரகசியமும் தெரியாமல் நீங்கள் சொல்லக்கூடிய நேர்மையான முதல் எண் இதுதான்.

இந்த எண்ணில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஒரு சோம்பேறி ஒவ்வோர் ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு "வராது" என்றே சொல்லியிருந்தால், 17-இல் 11 முறை அவன் சொன்னது பலித்திருக்கும். அதாவது 65 விழுக்காடு! ஆகவே ஒரு கசிவுச் செய்தியாளர் "என் கணிப்புகளில் 65 விழுக்காடு சரியாகியுள்ளன" என்று மார்தட்டினால், அவர் அந்தச் சோம்பேறியைவிட ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தும் விகிதம் மாறும். 2014-இலிருந்து எண்ணினால் 12 மாநாடுகளில் 3, அதாவது 25 விழுக்காடு. 2022-இலிருந்து எண்ணினால் 4-இல் 2, சரிபாதி. தனக்குப் பிடித்த விடை வரும்வரை தொடக்க ஆண்டை நகர்த்துபவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் வரைபடங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். நான் 17 ஆண்டுகளை எடுத்ததும் ஒரு தேர்வுதான். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் தற்செயலின் ஆட்டம் குறையும் என்பதே காரணம்.

அடிப்படை விகிதம் தொடக்கம் மட்டுமே. அதை மேலேயோ கீழேயோ நகர்த்தக் காரணங்கள் வேண்டும். இது நிரல் எழுதுபவர்களுக்கான மாநாடு என்பதை மறந்துவிடாதீர்கள். 2005 ஜூன் 6 அன்று, மேக் கணினிகள் இனி இண்டெல் செயலிக்கு மாறும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் இம்மேடையில்தான் அறிவித்தார். அந்தக் கணினிகள் அன்று வரவில்லை. 2006 ஜனவரி 10 அன்றுதான் வந்தன. 2020-இல் இண்டெலை விட்டுச் சொந்தச் சில்லுக்கு மாறும்போதும் இதே கதை. ஜூன் 22 அன்று அறிவிப்பு. முதல் எம்1 கணினிகள் நவம்பர் 10 அன்று. இடையில் உள்ள மாதங்கள் எதற்கு? நிரலாளர்கள் தங்கள் செயலிகளைப் புதிய சில்லுக்கு ஏற்ப மாற்றி எழுதுவதற்கு. 2005-இல் நடந்ததன் காரணம் புரிந்தவருக்கு 2020-இல் நடந்தது வியப்பாக இருந்திருக்காது. எந்த உள்ளாளும் அவருக்குத் தகவல் தந்திருக்கத் தேவையில்லை.

இங்கே பினாங்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இண்டெல் தன் நாட்டுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை அமைத்தது 1972-இல், நம் பாயான் லெப்பாசில்தான். வேறு நாடுகளில் தயாராகும் சிலிக்கான் தகடுகள் இங்கே வந்து, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, உறையிடப்பட்டு, சோதிக்கப்பட்டு உலகமெங்கும் போகின்றன. பழைய மேசைக் கணினியைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் இண்டெல் செயலியின் உலோக மூடியைக் கவனியுங்கள். 'மலாய்' என்று பொறித்திருக்கக் காணலாம். அது மலேசியாவின் சுருக்கம்.

இண்டெல் காலத்தில் ஆப்பிளின் மடிக்கணினியைக் கணிப்பது சற்று எளிதாக இருந்தது. புதிய சில்லு எப்போது வரும் என்பதை இண்டெல் வெளிப்படையாகவே சொல்லிவிடும். சில்லு வந்தால்தானே கணினி வரும்? 2013 ஜூன் 4 அன்று தைப்பே நகரில் ஹாஸ்வெல் செயலிகளை இண்டெல் அறிமுகப்படுத்தியது. ஆறே நாள் கழித்து, ஜூன் 10 அன்று ஹாஸ்வெல் பொருத்திய மேக்புக் ஏர் வந்தது. 13 அங்குல ஏரின் மின்கலன் 7 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரமாக உயர்ந்தது. 2020-க்குப் பிறகு இந்த வழி அடைபட்டுவிட்டது. ஆப்பிளே சில்லை வடிவமைக்கிறது, தைவானின் டி.எஸ்.எம்.சி. தயாரிக்கிறது, முன்கூட்டியே யாரும் வாய் திறப்பதில்லை. வெளியில் தெரிந்த ஒரு நல்ல தடயம் மறைந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

(உங்கள் அம்மாவோ அண்ணனோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்தால், "அடுத்து என்ன வருது?" என்று துளைத்தெடுக்காதீர்கள். வேலை ரகசியம் வெளியே போனால் சங்கடம் அவர்களுக்குத்தான்.)

தடயம் வலுவாக இருந்தும் கணிப்பு தவறலாம். 2018-ஐப் பாருங்கள். மேக்புக் புரோவைப் புதுப்பித்து ஓராண்டு ஆகியிருந்தது. மடிக்கணினிக்கான ஆறு கரு இண்டெல் செயலிகள் ஏப்ரலிலேயே வந்துவிட்டன. எல்லாம் பொருந்தி வந்தன. மாநாட்டில் ஒரு கணினியும் வரவில்லை! ஜூலை 12 அன்று சத்தமில்லாமல் ஒரு செய்தியறிக்கையோடு புதிய மேக்புக் புரோ வெளியானது. கணினி வரப்போகிறது என்பது ஒரு கூற்று. அது இந்த நாளில், இந்த மேடையில் வரும் என்பது அதைவிடக் குறுகிய இன்னொரு கூற்று. குறுகிய கூற்றின் நிகழ்தகவு எப்போதும் அகன்றதைவிடக் கூடாது. குறைவாகவோ, மிஞ்சினால் சமமாகவோதான் இருக்கும். முதலாவதற்கான சான்றை இரண்டாவதற்கான சான்றாக எடுத்துக்கொண்டதுதான் அந்த ஆண்டு பலரும் சறுக்கிய இடம்.

2021 இன்னும் சுவையானது. 'எம்1எக்ஸ்' சில்லோடு புதிய மேக்புக் புரோ ஜூன் 7 அன்று வந்தே தீரும் என்று இணையம் அடித்துச் சொன்னது. வரவில்லை. மாநாட்டுக்குப் பிறகு, ஆப்பிள் தன் யூடியூப் காணொளிக்குக் கொடுத்த தேடுசொற்களில் 'எம்1எக்ஸ் மேக்புக் புரோ' இருந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். "பார்த்தீர்களா, கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்!" என்று மறுபடியும் ஆரவாரம். மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதைத் தேடுசொல்லாகச் சேர்ப்பது காணொளி போடுபவர்களின் வழக்கம்தானே? வதந்தி தானே எழுப்பிய எதிரொலியைச் சான்றென்று பிடித்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணினி அக்டோபர் 18 அன்று வந்தது. சில்லின் பெயர்கள் எம்1 புரோ, எம்1 மேக்ஸ். எம்1எக்ஸ் என்று எதுவும் வரவே இல்லை.

அந்த ஆண்டு உலகமே சில்லுப் பற்றாக்குறையில் தவித்துக்கொண்டிருந்தது. நம் நாட்டில் ஜூன் 1 அன்று முழு முடக்கம் தொடங்கி, தொழிற்சாலைகள் குறைந்த ஆட்களோடு இயங்கின. உலகின் சில்லு உறையிடல், சோதனைப் பணிகளில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்லப்படும் நிலையில், இது சின்னச் செய்தி அல்ல. ஆப்பிளின் தாமதத்துக்கு நம் முடக்கம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், எந்தப் பொருளும் குறித்த நாளில் வருவது கடினமாக இருந்த ஓர் ஆண்டில் "வந்தே தீரும்" என்றவர்கள், தங்கள் விழுக்காட்டைக் கொஞ்சமாவது இறக்கியிருக்க வேண்டாமா?

எந்தத் தடயத்துக்கு எவ்வளவு எடை என்பதையும் கணக்கிடலாம். கம்பியில்லாத் தொடர்புக் கருவிகளை விற்பதற்கு முன் பல நாடுகளில் பதிவு செய்தாக வேண்டும். நம் நாட்டில் சிரிம் முத்திரை இருப்பதுபோல. அப்படிப்பட்ட பதிவேட்டில் புதிய மாடல் எண் தெரிந்தால் அது ஒரு தடயம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 20 மாநாடுகளில் 7-இல் மடிக்கணினி வந்தது, 13-இல் வரவில்லை. வந்த 7-இல் 6 முறை பதிவேட்டில் முன்பே எண் தெரிந்தது. வராத 13-இலும் 3 முறை எண் தெரிந்தது. அந்தக் கணினிகள் பிறகு ஒரு மாதத்தில் வந்தன. ஆக எண் தெரிந்தது மொத்தம் 9 முறை, அவற்றில் மேடையேறியது 6. உங்கள் 35 விழுக்காடு இப்போது 67 ஆகிறது. எண் தெரியாத 11 முறைகளில் மேடையேறியது ஒன்றே ஒன்று. அப்போது 9 விழுக்காடாக இறங்கிவிடும். ஒரு தடயத்தை மதிப்பிட, கணினி வராத ஆண்டுகளிலும் அது தலைகாட்டியதா என்று பார்க்க வேண்டும். யூடியூபில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விழுக்காட்டில் சொன்னவருக்கு மதிப்பெண் போடவும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர், மழைக் கணிப்புகளைச் சோதிக்க 1950-இல் சொன்ன வழி அது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதற்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை இருமடி ஆக்குங்கள், அதாவது அதையே அதனால் பெருக்குங்கள். 90 விழுக்காடு என்று சொல்லி வராமல் போனால் 0.81. 35 என்று சொல்லி வராமல் போனால் 0.12. மதிப்பெண் குறையக் குறைய நல்லது. 17 ஆண்டுகளும் "வரும், 100 விழுக்காடு" என்றவரின் சராசரி 0.65. எப்போதும் "வராது" என்ற நம் சோம்பேறிக்கு 0.35. ஆண்டுதோறும் அமைதியாக 35 விழுக்காடு என்று மட்டும் சொன்னவருக்கு 0.23. தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர் இந்த 0.23-ஐ முந்திக் காட்டட்டும், பிறகு சந்தா செலுத்தலாம்.

இனி அந்தக் கடைக்குப் போன குடும்பத்தின் கணக்கு. புதிய மாடல் வந்தால் பழையது 500 ரிங்கிட் குறையும் என்று வைத்துக்கொள்வோம். வாய்ப்பு 35 விழுக்காடு என்றால், காத்திருப்பதன் எதிர்பார்ப்பு மதிப்பு 175 ரிங்கிட். அறிவித்த அன்றே பொருள் கைக்கு வருவதும் இல்லை: 2022-இல் எம்2 ஏரை அறிவித்தது ஜூன் 6, அமெரிக்காவிலேயே விற்பனைக்கு வந்தது ஜூலை 15. இரண்டு மாதம் கணினி இல்லாமல் படிப்பதற்கு 175 ரிங்கிட் ஈடாகுமா என்று வீட்டில் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற கணினி இருந்தால் விடை வேறாக இருக்கலாம். பாடம் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு, இன்றே வாங்குங்கள் என்பேன். அது ஆப்பிளாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மாநாட்டுத் தேதியை ஆப்பிள் பெரும்பாலும் மார்ச் கடைசியில் அறிவிக்கிறது. அன்றே உங்கள் எண்ணை ஒரு தாளில் தேதியோடு எழுதி, நண்பர்களின் எண்களையும் வாங்கி வையுங்கள். புதிய தடயம் வந்தால் பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். தொடக்க உரை கலிபோர்னியாவில் காலை 10 மணிக்கு. நமக்கு நள்ளிரவு தாண்டி 1 மணி. மறுநாள் பள்ளி இருந்தால் தூங்கிவிடுங்கள். பிரையர் மதிப்பெண்ணை ஓய்வு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளலாம்.