கங்காணி போனார், தலைக்காசு போகவில்லை

நாம் அறுக்கும் செம்பனைக் குலைக்கும் அமெரிக்கத் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்? 2020-ஆம் ஆண்டுக்கு முன் தோட்டத்தில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் செம்பனை எண்ணெயையும், டிசம்பர் 30-ஆம் தேதி சைம் டார்பி பிளாந்தேஷன் நிறுவனத்தின் எண்ணெயையும் அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. அதை எடுக்கப் பாடுபட்ட ஆட்கள் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதற்கு அறிகுறி தெரிகிறது என்று அந்த இலாகா காரணம் சொன்னது.

இது புதுச் சட்டமும் அல்ல. கட்டாய உழைப்பால் உண்டான சரக்கை இறக்கக்கூடாது என்று அமெரிக்கா 1930-லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால் உள்நாட்டில் போதுமான அளவு கிடைக்காத சரக்கு என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று அதில் ஓர் ஓட்டை இருந்தது. 2016-இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் இதே போன்ற சட்டம் இயற்றி, 2027 டிசம்பர் 14 முதல் அமல் என்று நாள் குறித்திருக்கிறது.

"அதெல்லாம் வங்காளதேசிக்காரன், இந்தோனேசியாக்காரன் பாடு. நமக்கு என்ன வந்துச்சு?" என்று நம்மவர்களில் சிலர் பேசுகிறார்கள். அப்படித் தள்ளிவிட முடியுமா என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

சங்கிலி இல்லாத அடிமைத்தனம்

கட்டாய உழைப்பு என்றதும் சவுக்கும் விலங்கும்தான் நினைவுக்கு வரும். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் அதற்கு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. பொய் சொல்லி ஆள் பிடிப்பது, கடப்பிதழைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, மிரட்டுவது, வெளியே போக விடாமல் தடுப்பது, அளவுக்கு மீறி ஓவர்டைம் வாங்குவது, கடனில் கட்டிப்போடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

இவற்றில் கடன்தான் ஆணிவேர். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க ஒருவன் 12 ஆயிரம் வெள்ளி கடன் வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600 வெள்ளி கட்டினாலும் முதல் அடைய 20 மாதம் ஆகும், வட்டி தனி. அந்த 20 மாதமும் அவன் வாய் திறப்பானா? கூலியில் குறைத்தாலும், வீடு ஒழுகினாலும், மண்டோர் கெட்ட வார்த்தை பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டு போவான். வேலி போட வேண்டியதில்லை, காவல் வைக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் கடன்காரனே காவல்.

நம் பாட்டன் காலத்துப் பாடம்

இந்தக் கதை நமக்குப் புதிதா? ஒப்பந்தக் கூலியாக வந்த நம் முன்னோர் கப்பல் செலவைக் கடனாகச் சுமந்துகொண்டுதான் கரை இறங்கினார்கள். அந்த முறைக்கு மலாயாவில் 1910-இல் முடிவு கட்டினார்கள். கங்காணி முறையில் வந்தவர்களை அழைத்து வந்தவர் வெள்ளைக்காரர் அல்ல. அதே ஊர், அதே பேச்சு, சில சமயம் சொந்தக்காரர். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது.

1907-இல் ஆங்கில ஆட்சி தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதற்குப் பணம் கட்டினார்கள். ஆள் வரும் செலவு அந்த நிதியிலிருந்து போனது. தொழிலாளி மேல் கொண்ட இரக்கத்தால் செய்ததல்ல. தோட்டங்களுக்கு ஆள் வரத்துப் பெருக வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனாலும் அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஆளைக் கொண்டுவரும் செலவு முதலாளியுடையது, தொழிலாளியுடையது அல்ல. 1907-இல் துரைமாருக்குப் புரிந்த இந்தக் கணக்கு, நூறு ஆண்டு கழித்து எப்படி மறந்துபோனது?

தடைக்குப் பிறகுதான் நினைவு வந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர, சுமார் 11 கோடியே 20 லட்சம் வெள்ளி கொடுப்பதாக எஃப்.ஜி.வி. 2022-இல் அறிவித்தது. சைம் டார்பி பிளாந்தேஷனும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நடைமுறைகளைத் திருத்தியது. 2023 பிப்ரவரியில் அதன் மேலிருந்த தடை நீங்கியது. எஸ்.டி. கத்ரி என்று 2024-இல் பெயர் மாற்றிக்கொண்டது இந்த நிறுவனம்தான். வாசலை அடைத்ததும் பணம் வந்தது. அப்படியானால் முன்பே கொடுத்திருக்க முடியும் என்றுதானே அர்த்தம்?

பெரிய மீன், சின்ன மீன்

ஆனாலும் இந்தத் தடையை மட்டும் நம்பியிருக்க முடியாது. அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும். பெரிய தோட்டத்துக் குலை, சிறுதோட்டக்காரர் குலை, குத்தகைக்காரர் ஏற்றி வரும் குலை எல்லாம் ஒரே ஆலையில் விழுகின்றன. எண்ணெயான பிறகு எது யாருடைய வியர்வை என்று யாரால் சொல்ல முடியும்? அந்த எண்ணெய்தான் சோப்பாக, பிஸ்கட்டாக, சாக்லேட்டாகக் கடைக்குப் போகிறது. பெரிய நிறுவனத்துக்குப் பெயர் உண்டு, பங்குச் சந்தை உண்டு; பிடித்துக் கேட்கலாம். இருபது ஆளை வைத்து வேலை வாங்கும் கொன்ராக்டரை யார் கேட்பது? சோதனைக்கு வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் வெள்ளையடிப்பதும், "கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுப்பதும் பெரிய காரியமா?

அதனால் துறைமுகத்தில் பிடிப்பதை விட, பெரட்டுக் களத்திலும் சம்பள மேசையிலும் பிடிப்பதுதான் மேல். எண்ணெய் வாங்குகிறவர்கள் ஆலை வாசலோடு நின்றுவிடாமல், கொன்ராக்டரின் சம்பளச் சீட்டையும் ஏஜெண்டின் ரசீதையும் கேட்க வேண்டும்.

சட்டம் கையில் இருக்கிறது

2023 ஜனவரி முதல் நம் தொழில் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு தனிக் குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, இடத்தை விட்டுப் போகவும் விடாமல் தடுக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சட்ட அனுமதி இல்லாமல் அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பதும் குற்றம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கும் அது பொருந்தும், வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும்.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. இன்று தோட்டத்தில் மண்டோராக, கிராணியாக, குத்தகைக்காரராக நம்மவர்கள் இருக்கிறார்கள். வந்தவன் கடப்பிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற கை நம் கையாக இருக்கக்கூடாது. ஒரு பிடித்தம் எதற்கென்று அவன் கேட்டால், "ஒனக்கெல்லாம் எதுக்குடா கணக்கு?" என்று சொல்கிற வாய் நம் வாயாக இருக்கக்கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நம் தாத்தாக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் ஒருவன் வாய் திறக்காமல் எதற்கும் தலையாட்டும் வரை, "அவனே செய்யறான், ஒனக்கு என்ன?" என்ற பேச்சு நம் காதிலும் விழுந்துகொண்டே இருக்கும். அவன் கூலி தாழ்ந்தால் நம் கூலியும் ஏறாது.

சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் படித்துக் காட்டுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் சங்கத்திடமோ தொழில் இலாகாவிடமோ போங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள். கங்காணி காலம் முடிந்துவிட்டது என்று பேசுகிறோம். தலைக்காசு வாங்கிக்கொண்டு ஆள் விடும் வேலை நிற்கும் நாளில்தான் அது உண்மையில் முடியும்.