இலவசம் என்பதற்காக எம் எழுத்தைச் சிதைப்பதா?



எமது சங்கங்களினதும் தமிழ்ப் பாடசாலைகளினதும் பழைய கணினிகளில் ஆண்டு மலர்களும் பாடநூல்களும் நினைவு மலர்களும் பாமினி எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆயின் எந்த மென்பொருளால் மாற்றுவது என்பதைத் தேநீர் இடைவேளையில் தீர்மானித்து விடுகிறோம். "இலவசமாய்க் கிடைக்கிறது, தம்பி பார்த்துக்கொள்வான்." அவ்வளவே!

விளைவு யாது? என் கைக்கு வந்த ஒரு சங்க மலரில் 'வெளிநாடு' எல்லாம் 'வௌிநாடு' ஆகியிருந்தது. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் விசை ஒன்றே. அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பாராத மென்பொருள், கொம்பையும் ளகரத்தையும் கண்டவுடன் ஔகாரமாக ஒட்டிவிடுகிறது. கண்ணுக்கு வேறுபாடு அரிதாகவே தெரியும். தேடுபொறிக்கோ அது வேறு சொல். நாளை உங்கள் பேர்த்தி 'வெளியேற்றம்' என்று தேடினால், ஊரைவிட்டு வந்த கதையை நீங்கள் எழுதிய பக்கம் அவள் கண்ணில் படாது.

இப்பிழையைப் பின்னர் ஒரே கட்டளையில் திருத்தலாம் என்பது மெய்யே. ஆனால் இடையிடையே வரும் ஆங்கிலம்? எழுத்துருக் குறிப்பைக் களைந்துவிட்டு மாற்றும் மென்பொருளில், ஆங்கில எழுத்தில் இருந்த 'மதர்' என்னும் சொல் 'ஆழவாநச' ஆகிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் என்ற தடயமே அழிந்த பின் யார் பிரிப்பது?

பொறியியலாளர் இத்தகைய தெரிவுக்கு ஒப்பாய்வு செய்வர். தேவைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிறை கொடுத்து, எல்லா மென்பொருள்களையும் ஒரே அளவுகோலால் அளப்பர். எம் பிள்ளைகள் பலர் தம் பணியிடங்களில் நாள்தோறும் செய்வது இதுவே. சங்க வாசலில் செருப்போடு இதையும் கழற்றி வைப்பது ஏன்?

அட்டவணையும் ஏமாற்றும் என்பதை மறவாதீர். பத்துக்கு மதிப்பிடுவோம்: இலவச மென்பொருளுக்கு விலையில் 10, வேகத்தில் 10, துல்லியத்தில் 4, மற்றொன்றுக்கு 3, 6, 9. விலை 40, வேகம் 30, துல்லியம் 30 என நிறை வைத்தால் இலவசம் 820-க்கு 570 என வெல்லும். 20, 10, 70 என மாற்றுங்கள். 580-க்கு 750 எனத் தோற்கும். ஆகவே மென்பொருள்களைப் பார்க்கும் முன்னரே நிறையை எழுதிக் கையொப்பமிடுங்கள். என்னைக் கேட்டால், துல்லியத்துக்கு நிறை கொடுப்பதே தவறு. அது வாயிற்படி, அதைத் தாண்டாதது போட்டியிலேயே இல்லை.

சோதனைக்கு உங்கள் சொந்தக் கோப்புகளிலிருந்தே 20 பக்கங்கள் எடுங்கள்: 'வெளி', 'தெளிவு', 'கௌரவம்', இடையில் ஆங்கில முகவரி, ஒரு பாடல், ஓர் அட்டவணை. பிள்ளைகள் மாற்றட்டும், பெற்றோர் அச்சுப் பிரதியுடன் ஒப்பிட்டு வாசிக்கட்டும். மூலக் கோப்புகளை எவரும் தொடக்கூடாது. நான் சொன்ன சங்கம் அவற்றை மறுநாளே அழித்துவிட்டது. மலரின் அச்சுப் பிரதி ஒன்றைத் தேடி இப்போது வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.