தூரம் என்று சொல்லிக் கொடுங்கள்

பதினோராம் வகுப்புப் பிள்ளை கணக்கு நோட்டுடன் வந்து நின்றால், "எனக்கு இங்கிலீஷ் மீடியம் கணக்கெல்லாம் வராது, டியூஷன் சாரைக் கேள்" என்று அனுப்பிவிடுவது வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல என்பது என் கருத்து.

'மாடுலஸ்' அசமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். எண்ணின் இருபுறமும் நிற்கும் அந்த இரண்டு கோடுகள், 1841-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் கையாண்ட குறி. தமிழில் மட்டு மதிப்பு என்பார்கள். பொருள் ஒன்றுதான்: தூரம்.

நோட்டில் உள்ள எக்ஸை 'அ' என்று வைத்துக்கொள்வோம். கணக்கு: |அ − 3| < 5. அதாவது, 3-இலிருந்து 'அ' இருக்கும் தூரம் 5-க்கும் குறைவு. ஓர் எண்கோடு வரையுங்கள். 3-இல் விரலை வைத்து இடப்பக்கம் ஐந்து நகர்ந்தால் −2. வலப்பக்கம் ஐந்து நகர்ந்தால் 8. விடை இவ்விரண்டுக்கும் நடுவில். முனைகள் சேராததால் அங்கே நிரப்பாத வட்டம். குறி ≤ என்றிருந்தால் வட்டத்தை நிரப்ப வேண்டும்.

|அ − 3| > 5 என்றால் விடை வெளியே: −2-க்கு இடப்பக்கம் அல்லது 8-க்கு வலப்பக்கம். பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். 'அல்லது' என்பதை விட்டுவிட்டு 8 < அ < −2 என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எட்டைவிடப் பெரிதாகவும் −2-ஐவிடச் சிறிதாகவும் ஓர் எண் இருக்குமா? சூத்திரத்தை உருப்போட்ட பிள்ளைக்கு அது உறைப்பதில்லை. கோடு வரைந்த பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். |அ − 3| < −5 என்று கேட்டாலும் திகைக்காது. தூரம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே விடையே இல்லை.

இதில் ஆங்கிலம் எங்கே தேவைப்பட்டது? தூரம், நடுவில், வெளியே, அல்லது என்ற நான்கு சொற்கள் போதுமே! பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதட்டும். புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நல்லதுதான். பிள்ளை யோசிக்கும் வேளையில் தமிழ் கைகொடுக்காவிட்டால், அது பெட்டியில் மடித்துவைத்த பட்டுப் புடவையாகத்தான் இருக்கும்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின், ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்களேன்.