முதலில் பகல் வெளிச்சம், பின்பு சூரியத் தகடு

வெளிச்சத்தின் விலையை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நன்கு அறிவார்கள். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயின் விலை பல மடங்கு ஏறியது. உலர் மின்கலங்களும் வருவதற்குத் தடை இருந்தது. அந்நாட்களிலேதான் 'ஜாம் போத்தல் விளக்கு' வீட்டுக்கு வீடு எரிந்தது. போத்தலின் அடியிலே சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி, இவ்வளவே அதன் செலவு. சைக்கிளை நிறுத்திவைத்து மிதியைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தச் சிறு சுடரிலே படித்தே பரீட்சைக்குத் தோற்றினார்கள்.

1996ஆம் ஆண்டின் பின் மின்பிறப்பாக்கிகள் மூலம் மின்சாரம் படிப்படியாக வந்தது. 2013இல் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு வந்த உயர் அழுத்தக் கம்பி, குடாநாட்டை நாட்டின் மின்வலையமைப்புடன் மீண்டும் இணைத்தது. இன்று மானிப்பாயில் மின்கம்பி எட்டாத ஒழுங்கையைக் காண்பது அரிது. ஆகவே வெளிச்சம் பற்றி இனி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம்.

அந்தக் கேள்விக்கு 2022ஆம் ஆண்டு விடை தந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலானது. ஆகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. பின்னர் மின்கட்டணம் குறைந்தும் கூடியும் வந்துள்ளது. ஆயினும் கூலி வேலை செய்து வாழும் குடும்பமும், போரில் துணையை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்ணும், கட்டணப் பத்திரத்தைக் கண்டு அஞ்சும் நிலை முற்றாக நீங்கவில்லை.

இத்தகைய குடும்பத்தின் கையிலுள்ள சிறு தொகையை முதலில் எதிலே போடுவது என்பதே எம்முன் உள்ள கேள்வி. சூரிய மின்சாரம் என்றவுடன் பலரும் தகட்டையும் பற்றரியையும் நினைக்கின்றனர். எமது கருத்து வேறு. முதற்பணம் கூரைக்கும் சுவருக்கும் போகவேண்டும். தகடும் பற்றரியும் அதன் பின்னரே.

பகலிலே ஏன் விளக்கு?

எமது முன்னோரின் நாற்சார் வீட்டில் நடுமுற்றம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வாயிலாக இருந்தது. வசதி குறைந்த வீட்டிலும் விறாந்தை இருந்தது. அரிசி புடைப்பதும் பாய் இழைப்பதும் பிள்ளைகள் படிப்பதும் அங்கேயே நடந்தன. இன்று கட்டப்படும் சிறு வீடுகளிலோ முற்றமும் இல்லை, போதிய விறாந்தையும் இல்லை. நடு அறைக்கு ஒரு யன்னல், அதற்கும் திரைச்சீலை. குசினியின் சுவர் புகையினால் கறுத்துக் கிடக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும் பதினொரு மணிக்கு உள்ளே மின்குமிழ் எரிகிறது.

கணக்குப் பார்ப்போம். 10 வாற்று மின்குமிழ்கள் இரண்டு பகலில் எட்டு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 5 அலகு செலவாகும். மாதம் 30 அலகுக்குள் வாழ முயலும் குடும்பத்துக்கு இது ஆறில் ஒரு பங்கு. அந்த எல்லையைத் தாண்டினால் அலகின் விலை மட்டுமன்றி நிலையான கட்டணமும் கூடுகிறது. வெயிலை வெளியே நிறுத்திவிட்டு இதனைச் செலுத்துகிறோம்.

இதற்குரிய பரிகாரங்கள் எளியவை.

முதலாவது, சுண்ணாம்பு. எமது மண்ணின் அடியில் இருப்பதே சுண்ணக்கல். வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். புகை படிந்த சுவர் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. பொங்கலுக்கு முன் விறாந்தைக்கு அடிக்கும் வெள்ளையைக் குசினியின் உட்சுவருக்கும் அடித்தால், யன்னலைப் பெரிதாக்காமலே அறை வெளிக்கும்.

இரண்டாவது, கண்ணாடி ஓடு. ஓட்டுக் கூரையில் ஓர் ஓட்டைக் கழற்றி அதே அளவான கண்ணாடி ஓட்டைச் செருகினால் போதும். சிறிய அறைக்கு ஒன்று, குசினிக்கு இரண்டு. அதற்குமேல் வைத்தால் வெளிச்சத்துடன் வெப்பமும் இறங்கும். இயன்றவரை கூரையின் வடக்குச் சரிவில் வைப்பது நல்லது. ஏனெனில் ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஆகஸ்ட் இறுதி வரையான காலம் தவிர்ந்த ஏனைய மாதங்களில் நண்பகற் சூரியன் எமக்குத் தெற்கே நிற்கிறது. வடக்குச் சரிவில் ஒளி மென்மையாக விழும். தகரக் கூரைக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடு உண்டு. அது சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கும் என்பதை அறிந்தே வாங்கவேண்டும்.

மூன்றாவது, தண்ணீர்ப் போத்தல். பிரேசில் நாட்டின் உபேராபா நகரில் அல்பிரெடோ மோசர் என்ற இயந்திரத் திருத்துநர் 2002ஆம் ஆண்டளவில் இதைச் செய்து காட்டினார். தெளிந்த பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீரை நிரப்பி, பாசி பிடியாதிருக்கச் சிறிது வெளுப்பு நீர் சேர்த்து இறுக மூடி, பாதி கூரைக்கு மேலேயும் பாதி உள்ளேயும் இருக்குமாறு பொருத்தவேண்டும். மேலே விழும் வெயிலைத் தண்ணீர் வளைத்து அறையெங்கும் பரப்பும். நல்ல வெயிலில் 40 முதல் 60 வாற்று வரையான பழைய மின்குமிழுக்கு ஈடாக ஒளிரும். 2011 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில் சேரி வீடுகள் பலவற்றுக்கு இவ்வாறு ஒளியூட்டப்பட்டது. எனினும் இது தகரக் கூரைக்கே உரியது. அஸ்பெஸ்ரஸ் கூரையைத் துளைக்கவேண்டாம். அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடு. துளையைச் சுற்றி நீர் ஒழுகாதபடி அடைக்காவிட்டால் மாரியில் வெளிச்சத்தோடு மழையும் உள்ளே வரும்.

இரவுக்கு என்ன செய்வது?

மேற்கூறியவை யாவும் பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடும். இரவுக்குச் சேமித்த ஒளி தேவை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குக்குத் திரும்புவதை நாம் விரும்பவில்லை. கவிழ்ந்த குப்பி விளக்குகளால் எரிகாயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களில் 'சுதீப' எனும் பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். குட்டையான கனத்த போத்தல், உருளாத தட்டைப் பக்கங்கள், திருகி மூடும் உலோக மூடி என்பன அதன் சிறப்பு. அதற்காக 1998இல் அவர் றோலெக்ஸ் விருது பெற்றார். மண்ணெண்ணெய் விளக்கு எரியவேண்டிய வீட்டில் அத்தகைய விளக்கே எரியவேண்டும். ஆனால் அதனிலும் நல்ல வழி இன்று உண்டு.

சிறு வீட்டுக்கு 5 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் மூன்று போதும். ஒவ்வொன்றும் 40 வாற்றுப் பழைய குமிழின் அளவு வெளிச்சம் தரும். மூன்றும் நான்கு மணி நேரம் எரிய 60 வாற்று மணி வேண்டும். இதற்கு 20 வாற்றுத் தகடும், 12 வோல்ற்று 12 அம்பியர் மணிப் பற்றரியும், மின்னூட்டக் கட்டுப்படுத்தியும் போதும். ஈயப் பற்றரியில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் அதன் ஆயுள் விரைவில் முடியும். லிதியம் பற்றரி விலை கூடினாலும் நெடுங்காலம் உழைக்கும். தகட்டைத் தெற்கு நோக்கி, மழைநீர் தூசைக் கழுவும்படி சிறிது சரிவாக வைக்கவேண்டும். தென்னோலையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் முழுத் தகட்டின் மின்சாரமும் பெரிதும் குறையும். தகடு வைக்கும் இடத்தைத் தெரிந்தபின் பணத்தைக் கொடுங்கள்.

கூரை நிறையத் தகடு பதித்து மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் திட்டம் 2016ஆம் ஆண்டு முதல் பரவியுள்ளது. அது நல்லதே. ஆனால் பெரிய கூரையும் முதலும் உள்ளவர்களுக்கே அது எட்டும். மேலும் பற்றரி இல்லாத அத்தகைய தொகுதி, மின்வெட்டு வந்ததும் பாதுகாப்புக் கருதித் தானாகவே நின்றுவிடும். 2022இல் கூரையில் தகடு இருந்தும் பலர் இருளில் இருந்ததற்கு இதுவே காரணம்.

கொடுப்பதோடு முடியும் உதவி

உதவி வழங்கும் அமைப்புகள் சூரிய விளக்குகளைப் பகிர்ந்தளித்துப் படம் எடுத்துச் செல்கின்றன. இரண்டாம் வருடம் பற்றரி சோர்கிறது. அதைத் திறக்க வழியில்லை. மாற்றுப் பற்றரி கடையில் இல்லை. பழுது பார்ப்பார் இல்லை. விளக்கு பரணுக்குப் போகிறது. எரியாத விளக்கைப் பார்க்கும் குடும்பம், சூரிய சக்தியே ஏமாற்று என்று முடிவுகட்டுகிறது. தென்னிலங்கையில் 2011 வரையான காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் சூரிய மின்தொகுதி பெற்றன. சர்வோதயத்தின் 'சீட்ஸ்' நிறுவனம் போன்றவை அதற்குக் கடன் வழங்கின. தவணை கட்டி வாங்கியவர் பொருளைப் பேணுவார் என்பதும், விற்றவர் திருத்தவும் வரவேண்டும் என்பதும் நாம் அதிலிருந்து எடுக்கவேண்டிய பாடங்கள்.

ஆகவே எமது ஊர்களில் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் ஊரிலுள்ள இளைஞர் அல்லது யுவதி ஒருவருக்குப் பற்றரி மாற்றவும் கம்பி பொருத்தவும் பயிற்சி பெற்றுக்கொடுக்கட்டும். இரண்டு, சூரிய விளக்குப் பெறும் குடும்பங்கள் மாதந்தோறும் சிறுதொகையைச் சங்கத்தில் சேமிக்கட்டும். பற்றரி மாற்றும் நாளில் அது கைகொடுக்கும். பழைய ஈயப் பற்றரியை வளவிலே உடைக்காமல் கடையிலே திருப்பிக் கொடுப்பதும் இதன் அங்கமாகட்டும். எமது சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றைச் சென்றடைய நெடுநாள் எடுக்காது. மூன்று, வீட்டுத்திட்டங்களை அங்கீகரிக்கும் பிரதேச சபைகளும் நிதி வழங்குவோரும், குசினிக்கும் நடு அறைக்கும் ஒளி வரும் வழி வரைபடத்திலே இருக்கிறதா என்று பார்க்கட்டும். கட்டும்போது வைக்கும் இரண்டு கண்ணாடி ஓடுகளின் செலவு, முழு வீட்டின் செலவில் ஒரு பொருட்டே அல்ல.

ஒரு சொட்டு எண்ணெயையும் அளந்து எரித்த சிக்கனம் நெருக்கடி எமக்குக் கற்றுத்தந்தது. நெருக்கடி நீங்கியதும் அதனை மறந்தோம். இந்தப் பொங்கலுக்கு முன்னர் உங்கள் வீட்டில் பகலிலே விளக்கெரியும் அறை எது என்று பாருங்கள். முதல் வேலையை அங்கே தொடங்குங்கள்.