மூன்றாமவரின் குற்றம்

2019 ஜூலை 14. விம்பிள்டன் இறுதி ஆட்டம். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15. சர்வ் ரோஜர் ஃபெடரரின் கையில். அவருக்கு முப்பத்தெட்டு வயது நிறைய இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. அதற்கு இரண்டு வாய்ப்புகள். இரண்டும் கைநழுவின. 4 மணி 57 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தில் ஃபெடரர் 218 புள்ளிகள் எடுத்தார், நோவாக் ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போயிற்று.

அன்றிரவு எங்கள் வீட்டில் நண்பர்கள் ஐந்து பேர் கூடியிருந்தோம். எல்லோரும் இலக்கியம் படித்தவர்கள், அதைக் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள். கடைசிப் பந்து விழுந்ததும் ஒருவர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். பரிசளிப்பைப் பார்க்கும் பொறுமைகூட அவருக்கு இல்லை. அப்படி அணைத்தவன் நான்தான். எனவே இக்கட்டுரையில் நான் யாரையெல்லாம் குற்றம் சாட்டுகிறேனோ அவர்களுள் முதல் ஆள் நானே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜோகோவிச்சை ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு டென்னிஸ் ரசிகரைக் கேட்டுப் பாருங்கள். காரணங்கள் மளமளவென்று வரும். காயம் பட்டதாக நடிப்பவர். நேரம் கடத்துபவர். மட்டையை உடைப்பவர். வென்றபின் நான்கு திசைக்கும் இதயத்தை எடுத்து வீசுவதுபோல் சைகை காட்டி அன்பைப் பிச்சை கேட்பவர். 2020இல் அமெரிக்க ஓப்பனில் எரிச்சலில் அடித்த பந்து கோட்டு நடுவர் மீது பட்டு, போட்டியிலிருந்தே விலக்கப்பட்டவர். பெருந்தொற்றின் நடுவே காட்சிப் போட்டி நடத்தி, தாமும் நோயுற்று, உடனாடிய சிலரும் நோயுறக் காரணமானவர். தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் ஆஸ்திரேலியா சென்று, 2022 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டவர்.

இவற்றில் கடைசி மூன்றும் உண்மையான தவறுகள் என்பதே என் கருத்து. தடுப்பூசி விஷயத்தில் அவர் பக்கம் நிற்க எனக்கு ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 2015 அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்தில் ஃபெடரரை எதிர்த்து ஆடிய ஜோகோவிச்சின் முதல் சர்வ் தவறும்போதெல்லாம் நியூயார்க் அரங்கம் கைதட்டியது. எதிராளியின் பிழைக்குக் கைதட்டுவது டென்னிஸில் அநாகரிகம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே தட்டினார்கள். 2015இல் தட்டிய கை 2020ஐயும் 2022ஐயும் எப்படிக் காரணம் காட்டும்? தீர்ப்பு முதலில் எழுதப்பட்டுவிட்டது. குற்றப்பத்திரிகை பிறகு நிதானமாகத் தயாரிக்கப்பட்டது.

இன்னும் பின்னே போவோம். 2007 அமெரிக்க ஓப்பனில் இதே ஜோகோவிச், கால் இறுதியில் வென்ற கையோடு, ரஃபேல் நடாலையும் மரியா ஷரபோவாவையும் போல் நடித்துக் காட்டினார். அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. அன்று அவருக்கு வயது இருபது. கோமாளி என்று ஒரு செல்லப்பெயர், அவ்வளவுதான். 2008 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் ஃபெடரரை நேர் செட்களில் வீழ்த்தி, தம் முதல் கிராண்ட் ஸ்லாம் கோப்பையையும் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில், அதே நியூயார்க்கில், ஆண்டி ராடிக் அவருடைய காயங்களை வரிசையாகச் சொல்லிக் கேலி செய்ய, ராடிக்கை வென்றபின் களத்தில் நின்றே அதற்குப் பதில் சொன்னார். அரங்கம் ஊளையிட்டது. இடையில் கழிந்தது ஓராண்டு. மனிதரின் குணம் ஓராண்டில் அப்படி என்ன மாறிவிட்டது? மாறியது ஒன்றுதான். ஜெயிக்கத் தொடங்கிவிட்டார்.

காப்பியம் படித்தவர்களுக்கு இது புரியாத புதிர் அல்ல. 2008 கோடையில் டென்னிஸ் உலகம் ஒரு கதையை எழுதி முடித்திருந்தது. ஒருபுறம் புல்தரையின் வேந்தர், மறுபுறம் களிமண் தரையின் வேந்தர். ஒருவர் ஒற்றைக்கை பேக்ஹேண்ட், மற்றவர் இடக்கையர். ஒருவர் மிதப்பவர், மற்றவர் மோதுபவர். அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இருட்டும்வரை அவர்கள் போராடியபோது கதை தன் உச்சத்தைத் தொட்டது. இரு தலைவர்களைக் கொண்ட கதையில் மூன்றாவது தலைவருக்கு இடம் ஏது? துணைப் பாத்திரமாக வந்திருந்தால், நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தால், ஜோகோவிச்சை நாம் மடியில் வைத்துக் கொஞ்சியிருப்போம். அவரோ 2011இல் நடாலை ஆறு இறுதி ஆட்டங்களில் சந்தித்து ஆறிலும் வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் ஃபெடரர் 5-3, 40-15 என்று சர்வ் செய்தபோது, தம் உயிரே அந்தப் பந்தில் இருப்பதுபோல் ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்தார். அது நம் கதையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நம்பிக்கையிழந்தவர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அடி என்று பொருள்பட ஃபெடரர் பிறகு பேசினார். அதை வேறு யாராவது பேசியிருந்தால் ஆணவம் என்றிருப்போம். ஃபெடரர் பேசியதால் வேதனை என்றோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளி பிறப்பதற்கு நான்கு நிலைக்களங்கள் சொல்கிறார். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். இவற்றுள் எதையும் ஜோகோவிச் நமக்குச் செய்ததாகத் தெரியவில்லை. விருப்பமான முடிவைக் கெடுத்தல் என்று ஐந்தாவது ஒன்றை நாம்தான் சேர்த்திருக்கிறோம்.

நடத்தைதான் காரணம் என்றால் அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? 2009 அமெரிக்க ஓப்பன் இறுதியில் தெல் போத்ரோவிடம் தோற்ற ஆட்டத்தில் ஃபெடரர் நடுவரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசி அபராதம் கட்டினார். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஜான் மெக்கன்ரோ நடுவர்களை ஏசிய ஏச்சுகள் இன்று விளம்பரங்களில் நகைச்சுவையாக ஓடுகின்றன. ஒவ்வொரு சர்வுக்கு முன்பும் நடால் மூக்கையும் காதையும் தொட்டுச் செலவிட்ட நேரத்தைப் பக்தர்கள் சடங்கு என்பார்கள்.

இதற்கு ரோலாண் காரோஸ் தரும் சான்றைப் போல் இன்னொன்று இல்லை. 1989இல் பதினேழு வயது மைக்கேல் சாங், தசைப்பிடிப்பால் நிற்கவும் முடியாத நிலையில், இவான் லெண்டிலுக்கு எதிராகக் கையைத் தாழ்த்தி ஒரு சர்வ் போட்டார். அது இன்றும் வீரகாவியம். 1999இல் அங்கேயே, இறுதி ஆட்டத்தில், பதினெட்டு வயது மார்டினா ஹிங்கிஸ் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக அதே சர்வைப் போட்டார். அரங்கம் அவரை ஊளையிட்டு விரட்டியது. அதற்கு முன்பே அவர் வலையைத் தாண்டிச் சென்று பந்தின் தடத்தைக் காட்டி வாதிட்டுப் புள்ளியையும் இழந்திருந்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெலி மொரெஸ்மோவைப் பற்றி அவர் உதிர்த்த சொற்களும் அருவருப்பானவை. மறுக்கவில்லை. என்றாலும், தோற்று அழுதுகொண்டு வெளியேறிய அந்தப் பெண்ணைத் தாய் அணைத்துப் பிடித்துப் பரிசளிப்புக்குத் திரும்ப அழைத்து வந்த காட்சியை நாம் நியாயத்தின் வெற்றியாகவா பார்த்தோம்? கிராஃப் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினோம், ஜெயித்தார். அவ்வளவே.

சாங்கின் எதிரே நின்ற லெண்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோகோவிச்சின் மூதாதை அவர். 1982 தொடங்கி 1989 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர். 270 வாரங்கள் முதலிடத்தில் இருந்தவர். 1986இல் அவர் அந்தக் கோப்பையை மீண்டும் வென்றபோது ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் இதழ், யாருக்கும் அக்கறையில்லாத சாம்பியன் என்ற பொருளில் அட்டையிலேயே அச்சிட்டது. அவர் செய்த பிழை என்ன? செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்தார், சிரிக்கவில்லை, உணவையும் உடற்பயிற்சியையும் அறிவியலாக்கினார், அமெரிக்க ஓப்பன் தளத்தைப் போட்ட ஆட்களையே வரவழைத்துத் தம் வீட்டில் அதே தளத்தைப் போட்டுக்கொண்டார். அதாவது, உழைத்தார், உழைப்பை மறைக்கவும் இல்லை. மெக்கன்ரோவின் கையிலிருந்து பிறப்பது கலை, லெண்டிலின் கையிலிருந்து வருவது உற்பத்தி என்று பிரித்தார்கள்.

இங்கேதான் இலக்கிய நண்பர்களோடு எனக்குச் சண்டை. 2006இல் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் ஃபெடரரின் ஆட்டத்தை மத அனுபவத்துக்கு ஒப்பிட்டு எழுதிய கட்டுரை நம்மில் பலருக்கு மனப்பாடம். சிறந்த கட்டுரை, ஐயமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஃபெடரர் கவிதை, ஜோகோவிச் இயந்திரம் என்று பேசத் தொடங்கியபோது, பிறவிக் கவிஞர் என்றும் பயிற்சியால் எழுதுபவர் என்றும் நாம் இலக்கியத்தில் நடத்தும் அதே பழைய சாதிப் பிரிவினையை மைதானத்துக்கும் கொண்டுபோனார்கள். ஃபெடரரும் நாள் முழுதும் பயிற்சி செய்தவர்தான். அவர் வியர்வை நமக்குத் தெரியவில்லை, அதனால் அழகென்றோம். தரையில் சறுக்கிக் கால்கள் இரண்டும் விரிந்த நிலையில், எட்டாத பந்தை எட்டி, எதிராளியின் காலடியிலேயே திருப்பி இறக்குகிற ஜோகோவிச்சின் உடல் அழகில்லையா? அந்த அழகைப் பார்க்க நாம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்வதே நேர்மை.

பிடிக்காமல் இருப்பது என் உரிமை, இது வெறும் விளையாட்டு என்று ஒரு நண்பர் சொன்னார். உரிமைதான். எனக்கு ஃபெடரரைப் பிடிக்கும், ஆகவே அவரை வெல்பவரைப் பிடிக்காது என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்கு வழக்கில்லை. அந்த விருப்பத்துக்கு அறத்தின் உடையை அணிவிப்பதுதான் வழக்கு. வெறும் விளையாட்டு என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பள்ளிக்கூட நாட்களில் என் கணக்கு நோட்டின் உள்ளட்டையில் ஸ்டெஃபி கிராஃபின் படம் ஒட்டியிருக்கும். நாளிதழிலிருந்து வெட்டியது. அப்போது மோனிகா செலஸ் என்றால் எனக்கு ஆகாது. யுகோஸ்லாவியாவின் நோவிசாத்தில் பிறந்த பெண். இருபது வயதுக்கு முன் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். கிராஃபின் முதலிடத்தைப் பறித்தவர். ஏன் பிடிக்காது என்று கேட்டால் நானும் உலகம் சொன்னதையே சொல்வேன்: பந்தை அடிக்கும்போது கத்துகிறார். ஜிம்மி கானர்ஸ் முனகியதைப் போராட்ட குணம் என்று சொன்ன உலகம் அது. 1992 விம்பிள்டனில் கால் இறுதியிலும் அரையிறுதியிலும் எதிராளிகள் நடுவரிடம் புகார் செய்தார்கள். லண்டன் பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. இறுதி ஆட்டத்தில் செலஸ் வாயை மூடிக்கொண்டு ஆடினார். 6-2, 6-1 என்று கிராஃபிடம் தோற்றார். நான் மகிழ்ந்தேன்.

1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்த செலஸின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். அவன் கிராஃபின் ரசிகன். கிராஃப் மீண்டும் முதலிடத்துக்கு வரவேண்டும் என்பதே அவன் நோக்கம். ஜூன் மாதம் கிராஃப் முதலிடத்துக்கு வந்தார். அவன் சிறைக்குப் போகவில்லை. இரண்டாண்டுத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. செலஸ் மறுபடி ஆட வந்தது 1995 ஆகஸ்டில். அதன்பின் அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டம் ஒன்றே ஒன்று. ஜெர்மனியில் அவர் பிறகு ஆடவே இல்லை.

அவன் மனநோயாளி, அவனையும் ரசிகர்களையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடவில்லை. கத்தி அவனுடையது மட்டுமே. ஆனால் அந்த ஜூன் மாதம் கிராஃபின் பெயருக்கு நேரே மறுபடி ஒன்று என்ற எண்ணைப் பார்த்தபோது, எப்படி வந்தது என்று தெரிந்திருந்தும், எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி எழுந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. படத்தை நோட்டிலிருந்து கிழிக்கவும் இல்லை.

செலஸுக்குச் சிறுவயதில் பயிற்சி அளித்தவர்களுள் யெலேனா கெஞ்சிச் என்ற அம்மையாரும் ஒருவர். 1999இல் நேட்டோ விமானங்கள் பெல்கிரேடின் மீது 78 நாட்கள் குண்டு பொழிந்தபோதும் பயிற்சியை நிறுத்தாமல் ஒரு சிறுவனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவரே. அந்தச் சிறுவன் ஜோகோவிச்.

2021 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம். 1969இல் ராட் லேவர் செய்ததற்குப் பிறகு, ஓராண்டின் நான்கு பட்டங்களையும் வெல்லும் முதல் ஆடவராக ஆவதற்கு ஜோகோவிச்சுக்கு ஓர் ஆட்டமே மீதி. மெத்வதேவிடம் நேர் செட்களில் தோற்றுக்கொண்டிருந்தார். அப்போதுதான் நியூயார்க் அரங்கம் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் துண்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதார். இந்த முறை நான் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. தோற்கும்போதுதானா கொடுப்பார்கள் என்று என் மனைவி கேட்டாள்.