வெற்றிடமும் ஒரு விவரமே

அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிப் பகுதியில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை நடுவமாகக் கொண்டு, 1950 முதல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயன் மக்களிடையே ஆராயப்பட்டது. டாக்டர் ஃப்ரிமாட்-மோலர் குழுவினர் 1964-லும் 1973-லும் வெளியிட்ட முடிவுகளில் தெரிந்த பாதுகாப்பு பெரிதன்று. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இன்னும் விரிவான சோதனை தொடங்கிற்று. சுமார் 2,60,000 பேருக்கு, இட்டவரும் அறியாவண்ணம், தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ இடப்பட்டது. பெரியோரிடம் காணும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

ஊசிகள் மாறினவோ, ஏடுகள் குழம்பினவோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயின், ஊசியிட்ட பின் ஒரு பகுதியினருக்கு ட்யூபர்குலின் சோதனை மீண்டும் செய்யப்பட்டிருந்தது. உண்மைத் தடுப்பூசி பெற்றோரை அது பிரித்துக் காட்டியது. விவரங்களைச் சரிபார்ப்பதன் பெருமை இதுவே: விரும்பாத முடிவையும் நம்பத் தக்கதாக்குகிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் இப்பணி எளிதன்று. ஒருவரே தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயருடன் ஓர் ஏட்டிலும், தமிழ் வழக்கப்படி தந்தையின் முதலெழுத்துடன் மற்றோர் ஏட்டிலும் இடம்பெறலாம். யாத்திரிகர் தந்த சத்திர விலாசத்தில் அடுத்த மாதம் அவரைக் காண இயலாது. வயதைக் கேட்டால் நாற்பது, ஐம்பது என்றே விடை வரும். இவற்றை மேசையிலிருந்தே ஊகித்துத் திருத்துவது, விவரத்தைத் தூய்மை செய்வதாகாது, மறைப்பதாகும். ஐயத்திற்குரிய பதிவு களத்திற்கே திரும்ப வேண்டும். பழைய பதிவை ஒரே கோட்டால், படிக்கக்கூடியவாறு அடித்து, திருத்தம், காரணம், தேதி, கையொப்பம் ஆகியவற்றை அருகில் எழுத வேண்டும். திருத்தும் விதிகளும், யார் எந்த ஊசி பெற்றார் என்பது வெளிப்படுமுன்பே வகுக்கப்பட வேண்டும்; அறிந்தபின் மனம் தான் விரும்பும் பக்கமே சாயும்.

வெற்றிடங்கள் மிகுந்தால் ஆராய்ச்சி வலுவிழக்கும் என்பர். உண்மையே. ஆனால் வெற்றிடத்தால் வரும் நஷ்டத்தை எண்ணிவிடலாம். ஊகத்தால் நிரப்பிய கட்டங்களின் நஷ்டத்தை எவராலும் எண்ண முடியாது. குறையற்ற ஏட்டை மட்டுமே புகழும் மேற்பார்வையாளர், தம்மையறியாமல் ஊகத்திற்குக் கூலி கொடுக்கிறார். “மும்முறை சென்றேன், காணவில்லை” என்றெழுதும் ஊழியரே பாராட்டுக்குரியவர்.

இப்பழக்கம் பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும். மாணவனின் வெப்பமானி அளவு பாடநூலிலிருந்து வேறுபட்டால், ஆசிரியர் அதை அழிக்கச் சொல்லாமல், மீண்டும் அளந்து இரண்டையும் எழுதச் செய்வாராக.