ஒப்புக்கொடுத்தலும் ஒப்புக்கொள்ளுதலும்

கத்தோலிக்கத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களுள் ஒன்று 'ஒப்புக்கொடுத்தல்'. அன்றாடத் துன்பங்களைச் செபத்தின் வழியே இறைவன் கையில் சேர்ப்பித்தலை அது குறிக்கும். 'ஒப்புக்கொள்ளுதல்' என்பதற்கும் அதற்கும் துணைவினை ஒன்றே வேறுபாடு. ஆனால் கொள்ளுதலுக்கும் கொடுத்தலுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதன்று. (நான் கிறிஸ்தவன் அல்லன், வகுப்பில் தேம்பாவணி நடத்துகிறவன் என்ற அளவில்தான் இதைப் பேசுகிறேன்.)

பெரிய முதலியார்சாவடியில் ஒரு துக்க வீடு. மரக்காணம் உப்பளத்தில் உழைத்துப் பாதமெல்லாம் வெடித்துப்போன ஓர் அம்மையாரும் வந்திருந்தார். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டால் மனம் அமைதியாகிவிடும் என்று அவருக்கு ஒருவர் ஆறுதல் கூறினார். அம்மையார் தலையசைத்தார். சற்றுப் பொறுத்து, ஐப்பசி கார்த்திகையில் பாத்திகளில் மழைநீர் நிற்கக் கூலியில்லாமல் கிடக்கிறோமே, அதையும் ஒப்புக்கொடுத்துவிட வேண்டியதுதானா என்று கேட்டார். ஆறுதல் சொன்னவர் பேச்சை மாற்றிவிட்டார்.

இந்த அறிவுரைக்கு அண்மைக்காலத்துப் பெரிய சான்று குழந்தை தெரேசாள். பிரான்சின் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் வாழ்ந்து, காசநோயால் 1897இல் தம் 24ஆம் வயதில் இறந்தவர். துணி துவைக்கையில் எதிரே இருந்த சகோதரி முகத்தில் அழுக்குநீரைத் தெறிக்கவிட்டபோது அவர் விலகவில்லை. தியான வேளையில் பின்னால் இருந்தவர் எழுப்பிய ஓயாத சிற்றொலி எரிச்சலூட்டியபோது, அதையே இசையாகக் கேட்கப் பழகிச் செபமாக்கிக்கொண்டார். எவ்வளவு சிறிய செய்திகள்! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கொடுத்தது தம்முடையதை. பிறருடைய வலியை எடுத்து, கொடு என்று அவர் கட்டளையிடவில்லை.

கெத்சமனித் தோட்டத்துச் செபத்தின் வரிசைமுறையும் நம் கவனத்துக்குரியது. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்பதுதான் இயேசுவின் முதல் மன்றாட்டு. தந்தையின் சித்தத்துக்குத் தம்மை விட்டுக்கொடுப்பது அதற்குப் பிறகே வருகிறது. குணம் வேண்டி வந்த நோயாளி எவரையும், நோயைப் பொறுத்துக்கொள் என்று அவர் திருப்பி அனுப்பியதாக நற்செய்தி நூல்களில் நான் படித்ததில்லை. கேட்பதற்குரிய உரிமையைப் பறித்துவிட்டு வெறும் பணிவை மட்டும் போதிப்பவர் அந்தச் செபத்தின் பிற்பாதியை மட்டும் படித்தவர் என்றே கருதுகிறேன்.

தீராத மூட்டுவலியையும் முதுமையையும் மரணப் பிரிவையும் ஒப்புக்கொடுக்கலாம். அதில் பிறக்கும் அமைதியை நான் ஐயுறவில்லை. அத்தகைய முகங்களை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் கூலியில்லா மாதங்கள் வேறு கணக்கு. 2022இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அறிவித்தது. அதைப் பெறும் வழியை அன்று அந்த அம்மையாரிடம் யாராவது விசாரித்துச் சொல்லியிருக்கலாம். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.